தொடுகறி மேடம்

'சாப்பிட்டீங்களா?' என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நம் ஊரில் இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் கேட்கிறோம், சாவு வீட்டில் கேட்கிறோம், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளைக் கேட்கிறோம். போனை எடுத்தால் ஹலோவுக்கு அடுத்த வார்த்தையே அதுதான். அவர் மட்டும் கேட்க மாட்டார். இத்தனைக்கும் நாலு பேர் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பதற்கென்றே அவருக்குச் சம்பளம்.

அவருடைய கேள்வி வேறு. "இன்னைக்குத் தொடுகறி என்ன?"

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. 'தொட்டுக்க இன்னா' என்போம், கொஞ்சம் நாகரிகம் பார்ப்பவர்கள் 'சைட் டிஷ்' என்பார்கள். மேடம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த ஒரு வார்த்தையை விடவில்லை. கறி என்றால் எங்களுக்கு ஆட்டுக்கறிதான். நாங்கள் அவரைப் பார்க்கப் போன முதல் நாள், எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் காதில் அது எப்படி விழுந்ததோ, "நாங்க கறி தொடறதே இல்லம்மா, சுத்த சைவம்" என்று கோபித்துக்கொண்டு எழுந்தே விட்டார். மேடம் அவரை உட்கார வைத்து விளக்கம் சொல்வதற்குள் வெளியே காத்திருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த வாசலில் அன்று சிரிக்காமல் இருந்தது ஒரே ஒருத்தர். அவர் என் வீட்டுக்காரர்.

ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோட்டின் சர்வீஸ் ரோட்டோரமாக, டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் இருந்தது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. போர்டில் 'நரம்பு' என்ற எழுத்து பெரிதாகவும் 'மனநலம்' என்ற எழுத்து சின்னதாகவும் இருக்கும். வருகிறவர்களுக்கு அது ஓர் உதவி. மாடியில் டாக்டர். கீழே மருந்துக் கடையை ஒட்டினாற்போல மேடத்தின் அறை; அவர்தான் அங்கே டயட்டீஷியன். இப்படிப்பட்ட அறைகளில் சுவர் முழுக்கப் பழம், காய்கறி, பருப்பு என்று கலர் படம் ஒட்டி, மேஜைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள் வைத்திருப்பார்கள். மேடத்தின் சுவர் காலி. மேஜைமேல் அவருடைய டிபன் டப்பா திறந்தே இருக்கும். குள்ளமாக, கொஞ்சம் கனத்த உடம்பு. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மத்தியானம் முழுக்க, பேசிக்கொண்டே, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தன்னந்தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியாதவர்கள்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு அதிகம் வந்தார்கள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு பேர் தங்கள் டப்பாவையும் திறப்பார்கள். அதைக் கண்டும் காணாதது போல மேடம் வேறு கதை பேசுவார்.

நான் பென்னலூர்க்காரி. கட்டிக்கொடுத்தது வடக்குப்பட்டில். வீட்டுக்காரர் வல்லம் வடகாலில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார். நான் ஒரு போன் கம்பெனியில் லைனில் நின்றேன். இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். அவர் வந்து இறங்கும் ஸ்டாப்பிங்கில் நான் ஏறுவேன், வீட்டுச் சாவி கை மாறும். இடைவேளையில் போன். "சாப்டியா?" "ம், துன்னுட்டேன். நீ?" "ம்." எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி இந்த மூன்று வரிக்குள்தான் நடந்தது.

அந்த வருஷம் அவருக்கு முதலில் தூக்கம் போனது. தூக்கமில்லாதவர் துவண்டு கிடப்பார் என்றுதான் நினைப்போம். இவர் பறந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்தார், அடுத்த வாரமே அதன்மேல் பச்சை அடித்தார். லைனை இப்படி மாற்றினால் உற்பத்தி இரட்டிப்பாகும் என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றார், அவர் கேட்காததால் மேனேஜர் அறைக்கே போய் மேஜையைத் தட்டினார். பிறகு ஒரு நாள், கரண்ட் போனது மாதிரி, அப்படியே அடங்கிவிட்டார். பேச்சில்லை. குளியலில்லை. ஒருநாள் செருப்பைப் போட்டுக்கொண்டே, "எல்லாருக்கும் பாரமா கீறேன். நான் இல்லன்னா நீங்கள்லாம் நிம்மதியா இருப்பீங்க" என்றார். கடைக்குப் போய் வருகிறேன் என்கிற குரலில் சொன்னார்.  மறுநாளே லீவு சொல்லிவிட்டு அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் நிதானமானவர். மனசு ஒரேயடியாக மேலே போகும், ஒரேயடியாகக் கீழே இறங்கும், அப்படி ஒரு நோய் இது, மருந்து இருக்கிறது என்று சொல்லி லித்தியம் எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். மருந்து ரத்தத்தில் இருக்கிற அறிகுறியே இல்லையாம்.

"மாத்திரை போடறீங்களா?"

"சொன்ன மாதிரியே போட்டுகினு கீறேன் சார்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. டாக்டருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். "வேற எதுவும் முடிவு பண்றதுக்கு முன்னாடி கீழ மேடத்தைப் பாத்துட்டு வாங்க" என்றார். அந்தப் பெரியவர் கறி தொடமாட்டேன் என்று கோபித்துக்கொண்டது அன்றைக்குத்தான். அவர் போனதும் நாங்கள் உள்ளே போனோம்.

மேடம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வாங்க தம்பி. இன்னைக்குத் தொடுகறி என்ன?" என்றார்.

"இன்னா?"

"சோத்துக்கு என்ன தொட்டுக்கிட்டிய?"

"சாப்டேன் மேடம்."

"சாப்பிட்டிய, சரி. நான் கேட்டது தொடுகறியாக்கும்."

"பொரியல்."

"என்ன பொரியல்?"

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையில் நான்தான் புடலங்காய் பொரியல் கட்டிக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். மேடம் என் பக்கம் பார்க்காமலே இடது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நேத்தைக்கு டப்பாவுல என்ன இருந்தது?"

"தெரியல மேடம்."

மேடம் ஒரு வாய் சாப்பிட்டார். அவியலில் இருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்து மென்று சக்கையை ஓரமாக வைத்தார். இன்னொரு வாய் சாப்பிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"சாப்பிடறதில்ல மேடம். ரொம்ப நாளா. வாயில வெச்சா மண்ணு மாதிரி கீது. டப்பாவை அப்டியே நாய்ங்களுக்குக் கொட்டிடறேன்."

"சரி. மாத்திரை?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு சொன்னாங்க."

"ஆமா."

"சாப்பிடவே இல்லியே மேடம். அப்புறம் எப்டி போடறது?"

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. பெயின்ட் ஷாப்பில் ஒவ்வொரு மிஷின் தலைக்கு மேலும் ஒரு போர்டு தொங்கும். ஒரு வேலை முடியாமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். கழுவாமல் பூசக்கூடாது, பூசாமல், பெயின்ட்டைச் சுட்டுக் காயவைக்கிற சூளைக்குள் அனுப்பக்கூடாது. என் வீட்டுக்காரர் அந்தப் போர்டுக்கு அடங்கின மனுஷன். சாப்பாடு என்கிற வேலை முடியவில்லை, ஆகவே மாத்திரை என்கிற வேலைக்குப் போகவில்லை. டாக்டரிடம் அவர் சொன்னதும் நிஜம்தான். சொன்ன மாதிரியேதான் செய்திருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லை திட்டியிருப்பார்கள். மேடம் சோற்றுக் கையோடு அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நீங்க செய்தது சரிதான் தம்பி. சாப்பாடுன்னா என்னன்னு நாங்கதான் எழுதாம விட்டுட்டோம். இப்பச் சொல்லுதேன், கேளுங்க. ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் மோரு. அது உள்ள போயிட்டா அதுக்குப் பேரு சாப்பாடு. அதுக்கப்புறம் மாத்திரை. ஒரு பழம் முடியுமா?"

வீட்டுக்காரர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "முடியும் மேடம்" என்றார்.

மேடம் கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு போன் போட்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். பிறகு எங்களிடம் இன்னொன்றும் சொன்னார். இந்த மாத்திரை சாப்பிடும்வரை தண்ணீரைக் குறைக்கக்கூடாது. உப்பை ஏற்றவும் வேண்டாம் இறக்கவும் வேண்டாம், எப்போதும் போல. நான் தலையாட்டினேன். கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தபோது என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தொடுகறி என்ன, பிள்ளே?"

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"ஊறுகாய் மேடம்."

"என்ன ஊறுகாய்?"

 ஷிப்ட் முடிந்து வந்து, குண்டானில் மிஞ்சிய சோற்றைக் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே நான் அள்ளிப் போட்டுக்கொண்டு எத்தனை வாரம் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது. என் மாமியார், என் அம்மா, லைனில் கூட நிற்கும் பெண்கள், எல்லோரும் தினமும் என்னையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், சாப்டியா சாப்டியா என்று. நானும் சாப்டேன் சாப்டேன் என்றுதான் சொன்னேன். அந்த அறையில் அழுதேன். மேடம் தன் டப்பாவில் மீதியிருந்த அவியலை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். அந்த ருசி எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. தேங்காய் எண்ணெய் வாசம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அன்றைக்குப் பிடித்தது.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் நான் அவரையே கவனித்துக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவர் என்னவெல்லாம் கண்டுபிடித்தார் என்று நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. 'சாப்பிட்டேன்' என்பது பழக்கத்தில் தானாக வாயில் வந்துவிடும். தொடுகறிக்கு மட்டும் ஆள் நின்று யோசிக்க வேண்டும். 'டீயும் பன்னும்' என்று ஒரு பையன் சொன்னால், அவன் ஹாஸ்டல் அறையில் தனியாகக் கிடக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'நேத்து வெச்ச கொழம்பு' என்று ஒரு பெண் மூன்று முறை வந்தபோதும் சொன்னால், வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று புரிந்துவிடும். ஒருத்தர் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே ஆளைப் படித்துவிடுவார்.

எதைச் சாப்பிட்டால் மனசு சரியாகும் என்று கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு அப்பா போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, "மீனும் கீரையும் குடுத்தா மாத்திரையே வோணாமாமே மேடம், நிறுத்திடலாமா?" என்றார். மேடம் அந்த போனைத் தொடக்கூட இல்லை.

"மீனும் குடுங்க, கீரையும் குடுங்க, மாத்திரையும் குடுங்க. மீனுக்கு மாத்திரை மேல பொறாமை ஒண்ணும் கிடையாது. உங்களுக்குத்தான் அவசரம்."

அந்த அப்பா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

எங்கள் விஷயத்தில் அவர் சோற்றுப் பேச்சையே விட்டுவிட்டார். வாழைப்பழமும் மோரும் உள்ளே போக ஆரம்பித்ததும், "சோத்தைப் பத்திப் பேசவே வேண்டாம். ஒரு தொடுகறி ருசிச்சா போதும், சோறு அதுக்குப் பின்னாலயே வந்துரும்" என்றார். எதன்மேல் இவருக்கு ஆசை என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மாமியாருக்கு போன் போட்டுக் கேட்டேன். வேர்க்கடலைத் துவையல் என்றவர், கையோடு எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டார். அதை அரைத்து, ஒரு தோசைத்துண்டு, ஒரு வேகவைத்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போனது. ரத்தத்தில் மருந்து சரியான அளவுக்கு வந்தது. வீட்டுக்காரர் குளித்தார், ஷேவ் செய்துகொண்டார், வேலைக்கும் விடாமல் போனார். ஆனால் எதை வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா கீது" என்பார். அதே முகம், அதே குரல்.

நான் சந்தோஷமாக மேடத்திடம் போய்ச் சொன்னேன். "எது வெச்சாலும் நல்லா இருக்குன்றாரு மேடம்."

"உங்க சமையல் அவ்வளவு நல்லாவா இருக்கும்?"

என் சமையலைப் பற்றி என் அம்மாவே நல்ல வார்த்தை சொன்னதில்லை. "இல்ல மேடம்" என்றேன்.

"அப்ப அவருக்கு இன்னும் ருசி வரல்ல. கொறை சொல்லுத அன்னைக்கு எனக்குப் போன் போடணும், கேட்டியளா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை போனபோதும், "கொறை சொன்னாரா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த ஆடி மாதத்தில்தான் அது நடந்தது. வழக்கமான மறுபரிசோதனை நாள். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"இன்னைக்குத் தொடுகறி என்ன தம்பி?"

"ஒண்ணும் இல்ல மேடம். வெறும் சோறு, தயிரு."

"நேத்தைக்கு?"

"அதான் மேடம். ஆடி முடியற வரைக்கும் அதான். அம்மா நேர்ந்துகினு கீது. உப்பு சேக்கக் கூடாது."

மேடத்தின் கை டப்பாவின் மேலேயே நின்றுவிட்டது.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். விரல்கள் நடுங்கின. நான் அதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சூளைப் பக்கம் நின்று வேலை செய்கிற அசதி என்று நினைத்திருந்தேன்.

"வயித்தால போகுதா?"

"ஆமா மேடம். வாந்தியும் கீது."

"எழும்பி நடங்க."

எழுந்து இரண்டடி வைத்தவர், குடித்தவர் மாதிரி சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். வார்த்தைகூடக் குழறுகிறது என்பது அப்போதுதான் என் காதில் ஏறியது. அந்தக் குள்ளமான, கனத்த உடம்புக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினதை நான் மறக்கவே மாட்டேன். அவர் சாப்பாட்டை அப்படியே விட்டுப் போனதை அன்றைக்கு ஒரு நாள்தான் பார்த்தேன். டாக்டர் இறங்கி வந்தார். கையில் ஊசி ஏறியது, ஆம்புலன்ஸ் வந்தது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். லித்தியமும் ஒரு வகை உப்புதான். சாப்பாட்டில் உப்பு திடீரென்று நின்றுபோனால், அதுவும் வியர்வை கொட்டுகிற வேலையில், உடம்பு இருக்கிற உப்பையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மருந்தும் வெளியே போகாது. ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் விஷமாகிவிடும். "இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்மா" என்றார். உப்பு எப்போதும் போல என்று மேடம் சொன்னதை நான் மாமியாரிடமும் சொல்லித்தான் இருந்தேன். அவரும் மறக்கவில்லை.

"கொழம்புல உப்பைக் கொறைக்காதன்னு சொன்ன. நான் கொறைச்சனா? கொழம்பே வெக்கலியேடி. இது விரதம். சாப்பாடா இது?" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் மாமியார் அழுதார்.

அவரை என்ன சொல்ல? எங்கள் வீட்டில் யாருக்குமே அது தோன்றியிருக்காது. சாப்பாடு வேறு, விரதம் வேறு. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று சாமிக்கு. மகன் நன்றாக வேண்டும் என்று கும்பிட்டு நேர்ந்தது, அந்த மகனையே படுக்க வைத்துவிட்டது. அதைவிட, பாதியில் விரதம் முறிந்த பயம் அவரை ஆட்டிக்கொண்டிருந்தது. டிரிப்ஸில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "அம்மன் சும்மா வுட மாட்டா, இன்னும் இன்னா கேக்கப் போறாளோ" என்று நடுங்கினார்.

மறுநாள் சாயங்காலம் மேடம் அங்கே வந்தார். வார்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து மாமியார் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நான் பயந்தேன்.

"நேர்ந்தது யாரு பெரியம்மா?"

"நான்தான் டாக்டரம்மா. பாவி நான்தான்."

"பாவம் என்ன இதுல. நேர்ந்தது நீங்க, ஆனா உப்பை விட்டது உங்க மவனா? அம்மனுக்கு ஆள் மாறிப்போச்சு போல."

மாமியார் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிரஷர் மாத்திரை உண்டுன்னு மருமவ சொன்னாளே. உங்க டாக்டர் உப்பைப் பத்தி என்ன சொன்னாரு?"

"கொறைக்கச் சொல்லிகினேதான் கீறாரு. யாரு கேக்கறா."

"பாத்தியளா. அவரு சொல்லி நீங்க கேக்கல்ல. இப்ப அம்மனே கேட்டிருக்கா. விரதத்தை நீங்க எடுத்துக்கிடுங்க. அடியோட விட வேண்டாம், உங்க டாக்டர்கிட்ட கேட்டு அவரு சொன்ன அளவுக்குக் கொறைங்க. அம்மனுக்குக் கணக்குத் தெரியும்."

மாமியார் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அம்மனையா மேடத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் சாமியையும் குறைத்துப் பேசவில்லை, டாக்டரையும் விட்டுக் கொடுக்கவில்லை, ஒரு தாயைக் குற்றவாளியாகவும் நிறுத்தவில்லை. நான் எத்தனையோ படித்தவர்களையும் பெரிய பேச்சாளர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த பெஞ்சில் நடந்தது மாதிரி ஒன்றை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மாமியார் அந்த ஆடி முடிகிறவரை உப்பைக் குறைத்துச் சாப்பிட்டார். பிரஷரும் இறங்கியது. அம்மன் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீட்டுக்காரர் பிழைத்து வந்தார். மருந்தை நிறுத்தி வைத்து, ரத்தம் பார்த்து, மறுபடி மெல்ல ஆரம்பித்தார்கள். பெயின்ட் ஷாப்பிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றிக்கொண்டார், அங்கே அவ்வளவு வெக்கை இல்லை. எல்லாம் வரிசையாகச் சரியானது. அந்த 'நல்லா கீது' மட்டும் மாறவில்லை. வேண்டுமென்றே ஒருநாள் ரசத்தில் புளியைக் கரைத்துக் கொட்டி வைத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு, "நல்லா கீது" என்றார். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மனுஷன் பக்கத்திலேயே இருந்தார், ஆனால் என் மனுஷன் இன்னும் வந்து சேரவில்லை. வருவாரா என்றே பயம் வந்துவிட்டது.

அடுத்த பொங்கலோடு மேடம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போகிறார் என்றார்கள். கடைசியாகப் போய்ப் பார்த்தோம். நான் ஒரு புடவை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தன் நம்பரை என் போனில் அவரே அடித்துக் கொடுத்தார்.

"கொறை சொல்லுத அன்னைக்குக் கூப்பிடுங்க. மத்தபடி பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்பினியன்னா பிளாக் பண்ணிப் போடுவேன்."

அவர் பெயரை நான் பதியவில்லை. தொடுகறி மேடம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு வேறொரு பெண் அந்த அறைக்கு வந்தார். நல்ல பெண்தான். சுவரில் படங்கள் வந்தன, பிளாஸ்டிக் ஆப்பிள் வந்தது. நாங்கள் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் விடாமல் போய் வந்தோம்.

வெயில் காலம் ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அபூர்வமாக மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். பூண்டுக் குழம்பும் வாழைக்காய் வறுவலும் செய்திருந்தேன். வறுவலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டு நின்றதில் கொஞ்சம் அடிப்பிடித்துப்போய்விட்டது. எங்கள் வீட்டில் இப்போது யார் கேட்கப் போகிறார்கள் என்று அப்படியே தட்டில் வைத்தேன். வீட்டுக்காரர் ஒரு வாய் போட்டார். மென்றார். நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கொழம்புல உப்பு பத்தல. வறுவலை இன்னா, சூளையில வுட்டு எடுத்தியா?"

மாமியாருக்கு எனக்காகக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, அவ பாவம் லீவு நாள்ல..." என்று ஆரம்பித்தவரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். உப்பு டப்பாவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பான நம்பருக்குப் போய், மூன்றாவது முறை கிடைத்தது.

"மேடம், நான் வடக்குப்பட்டுலேருந்து..."

"சொல்லு பிள்ளே."

"கொறை சொல்லிட்டாரு மேடம்."

 அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினார்.

"தொடுகறி என்ன?"

"வாழைக்கா வறுவல் மேடம்."

"என்ன சொன்னாரு?"

"தீஞ்சு போச்சுன்னாரு."

"தீஞ்சிருந்ததா?"

"ஆமா மேடம்."

"அப்ப உள்ளதைத்தான் சொல்லியிருக்காரு" என்றார் மேடம்.  "போ மக்கா. போய் அவரு கூட உக்காந்து சாப்பிடு."

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மாமியார் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அந்தத் தீய்ந்த வறுவலை ஒன்று விடாமல் தின்று முடித்திருந்தார். விரலைச் சூப்பியபடி, தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கீதா?"